சிலந்திக்குச் சொன்ன பதில்

தோணிரேவு ஆய்வறைக்கு வரப்போகும் மூவருக்கும்,

கருவிகளின் பட்டியலை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். சாவிகளின் பட்டியல் அதற்குக் கீழே. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் கடிப்பதுபோல் வந்து நிற்கும் என்ற பட்டியல் அதற்கும் கீழே. ஆறு ஆண்டுகள் பழவேற்காட்டு ஏரிச் சேற்றில் குனிந்து நடந்துவிட்டு, இனி நகரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து குப்பிகளை அடுக்கும் வேலைக்குப் போகிறேன். முப்பத்தொரு வயதில் களப்பணியிலிருந்து ஓய்வு என்றால் மீஞ்சூரில் என் அம்மா சிரிக்கிறார். என் முழங்கால்கள் சிரிக்கவில்லை.

கதவில் ஒட்ட முடியாத ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. நான் செய்த தவறு அது. நீங்களும் செய்யக்கூடியது, சொல்லப்போனால், சிலந்தி படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடியது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் தேடப்போவது பார்டோசா என்ற பேரினம். ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. வலை கட்டிவிட்டுக் காத்திருக்கும் பொறுமை இதற்குக் கிடையாது. தண்ணீர் விளிம்பில் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும், இரையைத் துரத்திப் பிடிக்கும். தாய் முட்டைப் பொதியைப் பின்னால் கட்டிக்கொண்டே வேட்டையாடுவாள். குஞ்சுகள் வெளியே வந்ததும் அத்தனையையும் முதுகில் ஏற்றிக்கொண்டு வேட்டையாடுவாள். உலகத்தில் இந்தப் பேரினத்துக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள். வெறும் கண்ணுக்கு அவற்றில் பெரும்பாலானவை ஒரே சிலந்திதான். சேற்று நிறம், முதுகில் வெளிறிய பட்டை, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு. பிரித்தறிய வேண்டுமானால் ஆணுக்கு முகத்தின் முன்னால் நீட்டியிருக்கும் இரண்டு குட்டி முன்கைகளையும், பெண்ணுக்கு வயிற்றடியில் இருக்கும் சின்னத் தகட்டையும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வளராத சிலந்தியிடம் இரண்டும் தெளிவாக இருக்காது. அதைக் கொண்டுவந்து எந்த இனம் என்று கேட்பவரிடம், வளர்ந்ததும் வரச்சொல்லுங்கள் என்பதுதான் நேர்மையான பதில்.

இதையெல்லாம் கன்னியம்மாக்காவுக்கு நான் முதல் ஆண்டே விளக்கினேன். அறைக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. ஏரியில் வெறும் கையால் இறால் பிடிப்பவர். என்னை மேடம் என்றும் நீ என்றும் ஒரே மூச்சில் கூப்பிடுவார்.

"ஐந்நூறும் ஒரே மாதிரி கீதுன்ற. அப்பறம் எதுக்கு மேடம் ஐந்நூறு பேரு?"

"உள்ள வேற வேறக்கா."

"எங்கூட்டுக்காரருகூடத்தான் காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. ஒரே பேருதான வெச்சிக்கீறாங்க."

அவர் வீட்டுக்காரர் ஏழுமலை பக்கத்திலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். தனக்குச் சம்பந்தமில்லாத ஆராய்ச்சி என்பதுபோல் ஏரியைப் பார்த்தார்.

கன்னியம்மாக்கா வேலை செய்வதை நீங்கள் பார்ப்பீர்கள். மார்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தவாக்கில் நகர்வார். இரண்டு கையும் சேற்றுக்குள். ஓலையில் முடைந்த பறியின் கயிறு பல்லில். விரலில் இறால் தட்டியதும் அமுக்கி எடுத்துப் பறிக்குள் போட்டுவிட்டு அடுத்த அடி நகர்வார். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. வாயில் கயிறு இருக்கும்வரை பேச முடியாது. அந்தத் தொழிலில் அவருக்குப் பிடிக்காத விஷயம் அது ஒன்றுதான். கரையேறியதும் பாக்கி வைத்த பேச்சை எல்லாம் பேசிவிடுவார். நான் கொடுத்த சின்ன டப்பாக்களில், கண்ணில் பட்ட சிலந்தியைப் பிடித்துப் போட்டுக் கொண்டுவந்து தருவார். ஊரிலேயே நல்ல சேகரிப்பாளர் அவர்தான். ஒரு காலைக்கூட முறிக்காமல் பிடிப்பார்.

இனி முக்கியமான ஒரு தகவல். நாம் அறை எடுப்பதற்கு முன்னால் தோணிரேவில் யாரையும் சிலந்தி கடித்ததில்லை. நாம் வந்து பலகை மாட்டியதும் எல்லோரையும் கடிக்க ஆரம்பித்தது. அரிப்பு, கொப்புளம், கட்டி, எது வந்தாலும் நேரே நம் வாசலுக்கு வந்தார்கள். நான் குறித்து வைத்தவரை பதினோரு பேர். கொசு, வேர்க்குரு, மூட்டைப்பூச்சி, புதுச் செருப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஒருவருக்கு நெஞ்சில் வட்டமாகச் சிவந்திருந்தது. சட்டைப் பொத்தானோடு குப்புறப் படுத்துத் தூங்கியிருந்தார். பதினோரு முறையும் சரியாகச் சொன்னேன். பதினோரு முறை சரியாகச் சொன்னவளிடம் பன்னிரண்டாவதாக வருவது ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது.

மழை முடிந்து ஏரி நிறைந்திருந்த ஒரு காலை, எட்டு மணி இருக்கும். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஏழுமலை முன்னால் வந்தார், கையில் டப்பா. பின்னால் கன்னியம்மாக்கா, இடது கையை முந்தானையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"மேடம், இது இன்னா ஜாதினு பாத்துச் சொல்லு. கையக் கடிச்சிடுச்சி. ஆஸ்பத்திரிக்கிதான் போய்க்கினு கீறோம். வெசமா இல்லியானு உன்னாண்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவலாம்னு," என்றார் அக்கா.

டப்பாவைத் திறந்து பார்த்தேன்.

எனக்கு என்ன ஆயிற்று என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஒன்று சொல்ல வேண்டும். ஏரிக்குள் ஒரு சேற்றுத் திட்டு இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அங்கிருந்து பெண் பார்டோசாக்கள் கிடைத்துவந்தன. அவற்றின் வயிற்றடித் தகடு எந்தப் புத்தகத்துப் படத்தோடும் சேரவில்லை. ஆண் கிடைத்தால்தான் மேற்கொண்டு பேச முடியும். ஆண் மட்டும் கிடைக்கவே இல்லை. நாற்பது தடவைக்கு மேல் அந்தத் திட்டில் முழங்காலிட்டிருக்கிறேன். கன்னியம்மாக்கா இறால் பிடிப்பது அந்தத் திட்டைச் சுற்றித்தான்.

டப்பாவுக்குள் இருந்தது ஆண். கறுத்துத் திரண்ட முன்கைகளை மேலும் கீழும் ஆட்டி, யாருக்கோ சைகை காட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா," என்றேன், "நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாது."

"நான் ஒண்ணும் பண்ணல மேடம். அதுதான் பண்ணிச்சி."

அவனைக் குப்பியில் போட்டு, பஞ்சால் மெல்ல அழுத்தி அசையாமல் வைத்து, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன். கன்னியம்மாக்கா முந்தானையைப் பிரித்து, நான் பார்ப்பதற்காகக் கையை மேசைமேல் வைத்தார், விளக்குக்குக் கீழே. வெளிச்சம் மறைந்தது. "கொஞ்சம் இப்படிக்கா" என்று சொல்லி, அந்தக் கையை மரியாதையாக ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

இந்த வாக்கியத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மரியாதையாகத்தான் நகர்த்தினேன்.

"ஒரு கால் இல்லையேக்கா," என்றேன் கண்ணை எடுக்காமல். "நீங்க முறிக்க மாட்டீங்களே."

"நேத்து சாயந்தரத்துலருந்து வெரலு மடங்கல. காலைல பறிய எடுத்தா உள்ள இது ஓடுது. புடிக்க முடியாம நசுங்கிடுச்சி. நேத்தே பறிக்குள்ள இருந்து கடிச்சிருக்கும்போல."

"பரவால்லக்கா, கால் போனா போகட்டும். முன்கை நல்லா இருக்கு."

இருவரும் கையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

"வெசமா இல்லியா, அத்த சொல்லு மொதல்ல," என்றார் ஏழுமலை. "ஆட்டோக்காரன் ஆரன் அடிக்கிறான்."

நிமிர்ந்து உட்கார்ந்து, ஆறு ஆண்டுப் படிப்பும் அனுபவமும் கொடுத்த நிதானத்தோடு சொன்னேன். "பயப்படாதீங்கக்கா. இது கடிச்சா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. உங்க தோல்ல இதுக்குப் பல்லு எறங்குறதே கஷ்டம். மனுஷங்கள ஒண்ணும் பண்ற அளவுக்கு விஷம் இல்ல."

சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. யாரும் திருத்த முடியாது.

கன்னியம்மாக்கா பெருமூச்சு விட்டார். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன். இவருதான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரினு பேஜார் பண்ணாரு." ஏழுமலை வெளியே போய் ஆட்டோவைத் திருப்பி அனுப்பினார். நான் மறுபடி நுண்ணோக்கிக்குள் இறங்கினேன். அவர்கள் எப்போது போனார்கள் என்றுகூடக் கவனிக்கவில்லை.

அடுத்த மூன்று மணி நேரம் என் பணிக்காலத்திலேயே மிக மகிழ்ச்சியான மூன்று மணி நேரம். மறைக்க விரும்பவில்லை. படம் வரைந்தேன், அளந்தேன், ஒப்பிட்டேன். எந்த இனத்தோடும் அவன் சேரவில்லை. பதினோரு மணிக்குப் பதிவேட்டை எடுத்தேன். பதிவேட்டில் குறை வைப்பது எனக்கு ஆகாது என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிடித்த இடம், நேரம், வெயிலா நிழலா, ஈரமா காய்ந்ததா, எல்லாவற்றையும் நிரப்பினேன். உடற்குறை என்ற கட்டத்தில் இப்படி எழுதினேன்:

'இடப்பக்க மூன்றாம் கால் இல்லை. காரணம்: சேகரித்தவரின் கை முந்தின மாலையிலிருந்தே வீங்கி, விரல் மடங்காமல் இருந்ததால், பிடிக்கும்போது நசுங்கியது.'

பிழை பார்ப்பதற்காக ஒருமுறை படித்தேன். இரண்டாம் முறை படித்தபோது பேனா கையில் இல்லை.

முந்தின மாலையில் அவர் தண்ணீரில் இருந்தார். கை சேற்றுக்குள். பறி பல்லில், நனைந்து. இந்தச் சிலந்தி அன்றிரவு பறி ஏரிக்கரை வேலியில் காய்ந்தபோதுதான் உள்ளே ஏறியிருக்க முடியும். கை வீங்கிய பிறகு வந்தவன். அவனுக்கும் அந்தக் கைக்கும் சம்பந்தமே இல்லை. அப்படியானால் ஒரே மாலையில் விரல் மடங்காத அளவுக்கு வீங்கிய கை ஒன்று இருக்கிறது, அதற்குக் காரணம் யாருக்கும் தெரியாது, அது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வழியில் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது.

ஏழுமலைக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இரண்டு தெருவும் ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. எதிர்வீட்டில் நண்டு கழுவிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "ஏரிக்கிப் போச்சே. வெசம் இல்லனு நீ சொன்னியாமே. அரை நாளு வீணாப் பூட்ச்சினு திட்டிக்கினே போச்சி."

அந்தக் காயத்தோடு மறுபடி ஏரித் தண்ணீரில்.

கரையோரமாக ஓடி, திட்டுக்கு நேரே வந்ததும் அப்படியே இறங்கினேன். இடுப்பளவு ஆழம். செருப்பு ஒன்று சேற்றுக்குப் போயிற்று. ஏழுமலை தோணியில் உட்கார்ந்திருந்தார். கன்னியம்மாக்கா தண்ணீருக்குள், வாயில் பறி.

"அக்கா, வெளிய வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

கயிற்றை வாயிலிருந்து எடுத்தார். "இன்னாத்துக்கு?"

"கைக்கு."

"ஒண்ணியும் இல்லன்னு நீதான சொன்ன."

"நான் சிலந்திக்குச் சொன்னேன்கா. கைக்குச் சொல்லல."

"அப்ப நான் எதுக்குக் கேட்டேன்?"

சேற்றில் இன்னும் இரண்டு அடி அவர் பக்கம் நகர்ந்தேன்.

"செரி. இன்னா கடிச்சிச்சினு சொல்லு, வரேன்," என்றார். "காலைல ஒண்ணு சொல்ற, மத்தியானம் ஒண்ணு சொல்ற. இன்னொரு தடவ ஆட்டோவக் கூப்ட்டா அவன் சிரிப்பான்."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு பொய் போதுமாயிருந்தது. 'நான் தப்பாப் பார்த்துட்டேன், அது விஷச் சிலந்திதான்' என்றால் அடுத்த நொடி தோணியில் ஏறியிருப்பார். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் ஆஸ்பத்திரியிலும் சிலந்தி என்றே சொல்வார்கள். மருத்துவர் சிலந்திக்கடியைத் தேடுவார். காலையில் நான் பார்த்த தவறான இடத்தையே அவரும் பார்ப்பார். நான் பெயர் வைக்கிற வேலை செய்கிறவள். அன்று என்னிடம் பெயர் இல்லை.

"எதுன்னு எனக்குத் தெரியலக்கா. தெரியலன்றதாலதான் கூப்பிடறேன்."

"தெரியலன்றத்துக்கா நனஞ்சிகினு வந்த?"

தோணியிலிருந்து ஏழுமலை, "படிச்சவங்க தெரியலனு சொன்னா யோசிக்கணும்டி," என்றார். அவர் பேசியதில் எனக்குச் சாதகமான ஒரே வாக்கியம் அது. அக்கா அதற்கும் அசையவில்லை. கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

"அக்கா, இடது கையால ஒரே ஒரு எறா புடிச்சுக் காட்டுங்க. புடிச்சிட்டீங்கன்னா நான் போயிடறேன்."

சிரித்தார். பறியை மறுபடி பல்லில் மாட்டிக்கொண்டு, வலது கையை வேண்டுமென்றே என் கண்ணுக்குத் தெரியும்படி தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டார். இடது கை மட்டும் சேற்றுக்குள் நகர்ந்தது. ஓர் இடத்தில் நின்றது. முகம் மாறியது, தட்டிவிட்டது என்று தெரிந்தது. தோள் இறுகியது. கை மேலே வந்தபோது காலியாக இருந்தது.

இரண்டாவது இறால் தண்ணீருக்கு மேலேவரை வந்து, திறந்த உள்ளங்கையிலிருந்து துள்ளிப் போயிற்று. மூன்றாவது தடவை அவர் எங்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. மூன்றாவதும் போயிற்று.

அந்தக் கையைத் தண்ணீருக்கு மேலே தானே பிடித்துப் பார்த்துக்கொண்டார். நானும் அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன். கட்டைவிரலடி ஊதிப் பளபளத்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி ஒரு சிவந்த கோடு போயிருந்தது. காலையில் அது இருந்ததா என்று எனக்குத் தெரியாது. காலைப் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

பறியை வாயிலிருந்து எடுத்து ஏழுமலையிடம் கொடுத்தார். "வண்டியக் கூப்டுய்யா."

ஆட்டோக்காரர் சிரிக்கவில்லை. கையைப் பார்த்ததும் ஆரனைக்கூட அடிக்காமல் ஓட்டினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த மருத்துவர் என் வயதுப் பெண். எது கடித்தது என்று கேட்டார். கன்னியம்மாக்கா வலது கையால் என்னைக் காட்டினார். "இதக் கேளு டாக்டரு. எங்க ஊரு பூச்சி ஆபீசரு."

"சிலந்தி இல்ல டாக்டர். வேற எதுன்னு தெரியாது. நேத்து சாயங்காலம், ஏரித் தண்ணியில, கை சேத்துக்குள்ள இருக்கும்போது. இன்னைக்கு மறுபடி ரெண்டு மணி நேரம் அதே தண்ணியில. அந்த ரெண்டு மணி நேரம் என்னால."

மருத்துவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசி வாக்கியத்தை எழுதவில்லை என்று நினைக்கிறேன். ஏரித் தண்ணீர் என்று கேட்டதும் அவர் நடையே வேகமாயிற்று. ஊசி போட்டு, மரத்துப்போகச் செய்து, கீறிப் பார்த்தபோது நகத்துணுக்கு அளவில் ஒன்று வந்தது. இறாலின் தலைக்கொம்பு நுனி. முறிந்து உள்ளே நின்றிருந்தது.

"எறாவா," என்றார் கன்னியம்மாக்கா. அவமானப்பட்டதுபோல் இருந்தது குரல். "அது நாளைக்குப் பத்து தபா குத்தும். அத்த யாரு நெனப்புல வெச்சிக்கிறது."

மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்குக் கூட்டிட்டு வந்திருந்தா வெரலப் பத்திப் பேசியிருக்க மாட்டோம். கையப் பத்திப் பேசியிருப்போம். இப்பவும் கட்டைவிரல் பழையபடி மடங்குமான்னு பாத்துதான் சொல்லணும்."

கட்டைவிரல் மடங்காத கையால் இறால் பிடிக்க முடியாது என்று அவருக்கு நான் சொல்லவில்லை. அன்று மத்தியானம் அதைப் பார்த்தவள் நான்.

எட்டு நாள் வைத்திருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் மாற்றுத் துணி எடுக்க அறைக்கு வந்தேன். மேசையில் குப்பி இருந்தது. பஞ்சு பக்கத்தில் இருந்தது. ஓடும் அவசரத்தில் மூட மறந்திருக்கிறேன். மூன்று ஆண்டு தேடிய ஆண், ஏழு காலோடு, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். அதன்பின் அந்தத் திட்டிலோ கரையிலோ ஓர் ஆணும் கிடைக்கவில்லை. நான் வரைந்த படம் அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. மாதிரி இல்லாத படத்துக்கு நம் தொழிலில் மதிப்பில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கிடைத்தால் எழுதுங்கள், குப்பியை மூடிவிட்டு எழுதுங்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம்தான். நம்மிடம் வருகிறவர்கள் நமக்குப் பதில் தெரிந்த கேள்வியாகப் பார்த்துக் கேட்பார்கள். சிலந்தி ஆபீஸ் என்பதால் சிலந்தியைக் கொண்டுவருவார்கள். நாம் சரியான பதில் சொல்வோம், அதனால்தான் மாட்டிக்கொள்வோம். இப்போது பதிவேட்டில் முதல் கட்டம் புதிதாக இருக்கிறது: கொண்டுவந்தவர் எப்படி இருக்கிறார். அதை நிரப்பாமல் மூடியைத் திறக்காதீர்கள். நுண்ணோக்கி விளக்குக்குக் கீழே யாராவது கையை வைத்தால், நகர்த்தாதீர்கள். கையைப் பாருங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் கன்னியம்மாக்காவுக்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். காலையில் நூறு, மாலையில் நூறு, அமுக்கி அமுக்கி விட வேண்டும். இரண்டாம் நாளே பந்து ஏரியில் விழுந்து மிதந்து போய்விட்டது. வேறு வாங்கித் தருகிறேன் என்றேன்.

"எதுக்கு வீண் செலவு. கைய நீட்டு."

அன்றிலிருந்து காலையும் மாலையும் நான் போய் உட்காருவேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கி அமுக்கி அவர் எண்ணுவார். இடையிடையே எதிர்வீட்டோடு பேச்சு வந்து எண்ணிக்கை தவறும், தவறினால் முதலிலிருந்து. முதல் வாரம் ஈரத்துணி சுற்றியதுபோல்தான் இருந்தது. நான்கு விரல் மட்டும் தெரியும், கட்டைவிரல் சும்மா படுத்திருக்கும். மூன்றாம் வாரம் கட்டைவிரல் லேசாக ஒட்டியது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அமுக்குவார். நான் வேண்டுமென்றே முகம் சுளித்தால் கண்டுபிடித்துவிடுவார். "நடிக்காத மேடம்."

ஆறாம் வாரம் ஒரு காலை, அறுபதைத் தாண்டியிருக்கும்.

"வலிக்குதுக்கா, விடுங்க."

"நெசமாலுமா, எனக்கோசரம் சொல்றியா?"

"நெசமாலுமே வலிக்குது."

விடவில்லை. நூறையும் முடித்துவிட்டுத்தான் விட்டார். பறியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏழுமலையை அதட்டிக்கொண்டே தோணிப் பக்கம் நடந்தார். நான் கையைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்து விரல் தடமும் பதிந்திருந்தது. கட்டைவிரல் தடத்தைத்தான் முதலில் பார்த்தேன்.